அண்ணாவின் கோர்வெட்டும் நான் அழித்த இலக்கமும்

சாவகச்சேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, ஒஷாவாவில் உழைத்து, விட்பியில் கண்மூடிய எங்கள் அண்ணாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலர் உங்கள் கைகளுக்கு வருகிறது. அண்ணாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும்படி அண்ணி கேட்டார். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. எழுதுகிறவனுக்குத்தான் தகுதி போதாது.

இளமையில் லொறி திருத்தும் வேலை பழகிய அண்ணா, யுத்தம் துரத்த, வேறொருவர் பெயரிலிருந்த கடவுச்சீட்டில் கனடா வந்து சேர்ந்தார். பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு எரிந்துபோயிருந்தது. அகதி விண்ணப்பத்தில் யாரோ பிழையாக நிரப்பிய பிறந்த திகதியே கடைசிவரை அவருடையதாக இருந்தது. மோர்னிங்சைட்டில் இரண்டு அறை வீட்டில் இருந்துகொண்டு, கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்று, தம்பி தங்கைகள் நால்வரையும் இங்கே எடுப்பித்தார். கடைசியாக வந்தவன் நான். அவர் வீட்டு சோபாவில் படுத்து, அண்ணியின் சோற்றைத் தின்று, படித்து, வீடு விற்கும் முகவர் ஆனேன்.

பிள்ளைகள் கரைசேர்ந்த பிறகுதான் அண்ணா தமக்கென்று ஒன்றை வாங்கினார். எழுபதுகளில் செய்த ஒரு கோர்வெட் கார். "இந்த வயசில ரெண்டு சீற் கார் என்னத்துக்கு?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அண்ணா கோபிக்காமல் விளக்குவார். வெளி உடல் கண்ணாடி நாரால் ஆனது, துருப்பிடிக்காது. உள்ளே தாங்கும் சட்டம் இரும்பு, ரோட்டில் கொட்டும் உப்பு அதைத் தின்றுவிடும். அதனால் பனிக்காலம் முழுக்கக் கார் கராஜில் போர்வைக்குள் கிடக்கும். உள்ளே மடங்கி மறைந்திருக்கும் முன்விளக்குகளை எழுப்புவது எஞ்சின் உறிஞ்சும் காற்றின் விசை. ஒரு குழாயில் ஒழுக்கு இருந்ததால் இடது விளக்கு எப்போதும் சற்றுப் பிந்தித்தான் எழும்பும். அதைத் திருத்த மட்டும் அண்ணாவுக்கு மனம் வரவில்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு அவர் கடைசியாகக் காட்டுவது, எஞ்சினின் முன்பக்க ஓரத்தில் விரலளவு இடத்தில் பொறித்திருந்த இலக்கம். ரோச் வெளிச்சம் அடித்துக் காட்டுவார்.

"டேய் தம்பி, உந்த நம்பரும் காரின்ர நம்பரும் ஒண்டு. ரெண்டும் ஒண்டாப் பிறந்ததுகள். எனக்குத்தான் பிறந்த அத்தாட்சி இல்லை, இதுக்கு இருக்கு" என்பார்.

அந்த இலக்கத்தை அழித்தவன் நான்.

என் மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அந்தக் காரில் கொண்டுவந்து இறக்க ஆசைப்பட்டேன். சொந்தக்காரர் வாய் பிளக்க வேண்டும், வேறொன்றுமில்லை. எஞ்சினில் ஒயில் கசிந்துகொண்டிருந்தது. அண்ணாவோ சத்திரசிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்தார். "நான் வந்து பாக்கிறன், அவசரப்படாதை" என்றார். நான் அவசரப்பட்டேன். எஞ்சினைக் கழற்றுவித்துப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினேன். பட்டறைக்காரர் தொலைபேசியில் ஏதோ கேட்டார். எஞ்சினின் மேற்பரப்பைச் சமமாகச் சீவினால் இலக்கம் போய்விடும், சீவட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார். அவருடைய தொழில் வார்த்தைகளில் எனக்கு அரைவாசியும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வெள்ளைக்காரர் எது கேட்டாலும் தலையாட்டிய பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. எனக்கு அது இன்னும் போகவில்லை. "யெஸ், யெஸ், ஓல் கிளீன்" என்றேன்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. அண்ணா வீடு திரும்பியதும் எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்து ரோச் அடித்தார். வழுவழுவென்றிருந்த இரும்பை விரலால் தடவினார். பக்கத்தில் நின்ற நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

"ஒயில் இப்ப ஒழுகேல்லைத்தானே அண்ணா?" என்றேன்.

"ஓம், ஒழுகேல்லை" என்று பொனற்றை மூடினார். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அண்ணா பெரிதாக எடுக்கவில்லை என்று நானும் வசதியாக நினைத்துக்கொண்டேன்.

இறுதிக்கிரியை அன்று, அண்ணாவோடு வேலை செய்தவரும் பழைய கார்க் கூட்டங்களுக்கு அவரோடு போய்வந்தவருமான சிவம் அண்ணை என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, உங்கட அண்ணர் ஏன் அந்த நம்பரை வழிச்சவர்? கள்ள எஞ்சின் போட்டிட்டு மறைக்கிறார் எண்டு அங்க எல்லாரும் கதைச்சவங்கள். நானும் ஏசிப்போட்டன். 'ஓம் சிவம், நான்தான் பிழை விட்டிட்டன்' எண்டு தலையைக் குனிஞ்சு கொண்டு நிண்டவர். அதுக்குப் பிறகு கூட்டத்துக்கே வரேல்லை."

அண்ணாவின் பெட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். "ஓம் அண்ணை, ஓம்" என்று தலையாட்டினேன்.

அண்ணாவைக் குளிப்பாட்டி ஊட்டிய தாதியருக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த மோர்னிங்சைட் அயலவர்க்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், பனியென்றும் பாராமல் வந்து தோள்கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சிவம் அண்ணைக்கு நன்றியோடு இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இந்த மலரை அடுத்த கார்க் கூட்டத்துக்குக் கொண்டுபோய், இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள் அண்ணை. அந்தப் பிழையை விட்டவர் அண்ணா இல்லை. நான்.