பேனாவின் பின்னால் ஓடிய கண்

கறுப்புத் திரையில் இடமும் வலமுமாக நகர்ந்த அந்த வெள்ளைப் புள்ளியை நினைத்தாலே எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது. புள்ளி ஒரு பாவமும் செய்யவில்லை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, புஷ் என்கிற சின்ன இரும்புக் குழாய்த் துண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அவளுக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. வருடக்கணக்காக மாத்திரை போட்டுக்கொண்டு, ஒழுங்காக வேலைக்கு வந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணசைவு ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டபோது துணைக்கு என்னைத்தான் அழைத்தாள். மோவாயைத் தாங்கியில் வைத்து அவள் புள்ளியைப் பார்க்கப் பார்க்க, கம்ப்யூட்டரில் ஒரு கோடு படிக்கட்டு மாதிரி எகிறி எகிறி ஓடியது. நகரும் பொருள் அடுத்து எங்கே போகும் என்று மூளை முன்கூட்டியே கணித்துக் கண்ணைச் சீராக நகர்த்துமாம். இந்த நோய் உள்ள பலருக்கு அந்தக் கணிப்பு தடுமாறி, கண் பின்தங்கி, பிறகு எகிறிப் பிடிக்குமாம். தூக்கம் கெட்டாலும், சில மாத்திரைகளாலும்கூட அப்படி ஆகலாம், இதை வைத்துத் தனி ஆள் ஒருவரை எடைபோடவே முடியாது என்றும் டாக்டர் சொன்னார். "பாத்தியாடி, என் கண்ணு பஸ்ஸ உட்டுட்டு ஓடிப் புடிக்குது" என்று அக்கா சிரித்தாள். திரும்பும் வழியில் குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை. "கம்பெனில மூச்சு உடாத. இந்த வேல போச்சுன்னா என்னிய எவனும் சேத்துக்க மாட்டான்."

சொல்லிவிட்டேன். எதற்கு லீவு என்று சூப்பர்வைசர் கேட்டார். பெரிய விஞ்ஞானத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்ட திமிரில் டாக்டர் சொன்ன முதல் பாதியை ஒப்பித்தேன். இரண்டாம் பாதியைச் சொன்னேனா என்று நினைவில்லை என எழுத ஆசைதான். சொல்லவில்லை. எங்கள் தொழிலில் துளைக்குள் கேஜ் என்கிற அளவுக் கம்பி நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட்; மனுஷியையும் அப்படியே பார்த்தார்கள். அடுத்த மாதம், ஓரத்தில் பிசிறு போகாத புஷ்கள் என்று வாங்கிய கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. அது அக்கா கோட்டைவிட்ட பெட்டி என்று தானாகவே முடிவுகட்டிய சூப்பர்வைசர் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, எல்லோர் முன்னாலும் அக்காவின் மூக்குக்கு நேராக ஆட்டினார். "இத்தப் பாரும்மா... எகிறுது பாருங்க, கண்ணு எகிறுது!" பத்துப் பேர் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி செல்லில் படம் பிடித்தாள். வெட்கங்கெட்ட கூட்டம். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன் என்பதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பெட்டிக்குள் கிடந்த சோதனைச் சீட்டில் இருந்தது என் கையெழுத்து. அந்தப் பெட்டியைப் பார்த்து அனுப்பியவள் நான். அவர் சீட்டைத் தேடவே இல்லை. நான் அதைக் கசக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அக்காவை அன்றே பெருக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டாள்.

இப்போது அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்கிறார்கள்; கேட்கச் சகிக்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். சென்ற மாதம் வேப்பம்பட்டு ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். தையல் யூனிட் ஒன்றில் கூப்பிட்டார்களாம், போகவில்லையாம். "மெஷின் வேலடி. அந்தப் பொட்டிய உட்ட கண்ணு இத்தயும் உட்டுடும். என் கண்ண நானே நம்புறதில்ல இப்ப" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்திதான்டி எனக்குத் தொணயா வந்த" என்றாள். அந்தப் பெட்டி என்னுடையது என்று சொல்ல ஒரு வரி போதும். ரயில் வந்தது. "வரேன்க்கா" என்று சொல்லி ஏறிவிட்டேன்.