பங்குக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு போர்

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை, மத்திகிரியில் நான் குடியிருந்த வரிசை வீட்டின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் ஒரே நல்ல சட்டை, பாறைத்தூள் படிந்து திருநீறு பூசிய பண்டாரமாகிவிட்டது. வீட்டுக்காரம்மா போர் போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன், எந்திரம் தெரிந்தவன் என்று என்னைத் துணைக்கு நிறுத்தியிருந்தார். லேத்துக்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள உறவு, எனக்கும் அழகுக்கும் உள்ள உறவுதான்.

அதுவரை இருந்தது ஒரு பங்குக் கிணறு. பாதி அவருக்கு, பாதி சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த அவருடைய ஓரகத்திக்கு. கம்பெனிகள் வந்து குடித்தனங்கள் பெருகப் பெருக, கிணறு சேற்றைக் காட்டியது. தண்ணீர் இல்லையென்றால் காலி செய்கிறோம் என்று நாங்களும் சொல்லிவிட்டோம். கணவர் போனபின் எங்கள் வாடகைதான் அவருக்குச் சோறு. கறவை மாடுகளை விற்றுப் போர் வண்டியை வரவழைத்தார். இடம் குறிப்பதில் மட்டும் அவருக்குக் குழப்பமே இல்லை. “கெணத்துப் பக்கத்துலயே போடுங்க. தண்ணி இருக்கற எடத்த விட்டுட்டு இல்லாத எடத்துலயா தேடுவாங்க?” எல்லோரும் பலமாகத் தலையாட்டினோம்.

தூள், தூள், வெறும் தூள். “இன்னொரு ராடு இறக்கட்டுங்களாம்மா?” என்று வண்டிக்காரர் கேட்கும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்ப்பார், நான் வானத்தைப் பார்ப்பேன். நிறுத்தினால் மாடு போனது போனதுதான். தொடர்ந்தால் வீடே அடமானத்துக்குப் போகும்.

“நீயாச்சும் ஏதாவது சொல்லேம்ப்பா.”

“உங்க தைரியத்தப் பாத்துப் பூமாதேவியே பயந்துருவாம்மா.”

“சிரிக்கற நேரமா இது? வாடகைய ஏத்திப்புடுவேன்.”

“தண்ணி வந்தா ஏத்துங்கம்மா.”

உச்சி வெயிலில் தூள் ஈரமாகி, சேறாகி, தண்ணீர் பீறிட்டது. அம்மா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார்.

சில நாள் கழித்து, ஓரகத்தி கிணற்றில் விட்ட வாளி பாறையில் மோதிய சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. போர் கிணற்றைக் குடித்திருந்தது. சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. கத்தவில்லை.

“ஏங்க்கா, எம் பங்கையும் சேத்து எடுத்துக்கிட்டியா?”

இன்று அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு போர். எந்தப் போர் எதைக் குடிக்கிறது என்று யாரும் சுவரேறிக் கேட்பதில்லை.

அன்று அம்மா நேரே போய் மோட்டாரைப் போட்டு, ஹோஸைச் சுவருக்கு மேலே வீசினார். “மொதல்ல அங்க நெறையட்டும்.” நடுவில் குழாய் இருமியது. நாங்கள் காலி வாளிகளோடு மூச்சைப் பிடித்து நின்றோம். என் வாய் நிறையப் பற்பசை நுரை. துப்புவதா, விழுங்குவதா என்று மோட்டார்தான் சொல்ல வேண்டியிருந்தது.