தொப்பியான தகப்பன்

அளி என்னும் அறத்தைத் தமிழ் ‘தண்ணளி’ என்று குளிர்ச்சியோடு சேர்த்துச் சொல்லும். உமிழ்நீரும் உறைந்து விழும் கஜகஸ்தான் புல்வெளியிலோ அவ்வறம் வெம்மையாகவே வந்து நிற்கிறது. அங்கே செப்புச் சுரங்க நகரொன்றின் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பேணும் செவிலி உல்போல்சின் அத்தகைய அளியுடையவள். மகள்களே பிறந்த வீட்டில், ‘மகன் வரட்டும்’ என்று வேண்டி வைத்த பெயர் அது. “எங்கப்பா என்னைக் கூப்பிடறப்பெல்லாம் வேற யாரையோதான் கூப்பிட்டாரு” என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் காலை, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஆண்மகவு மூச்சுவிட மறந்து மறந்து நின்றது. ஒவ்வொரு முறையும் உல்போல்சின் அதன் உள்ளங்காலை வருடி நினைவூட்டினாள். அறுவைக்குப் பின் தாய்க்குக் காய்ச்சல்.

“தகப்பன் நெஞ்சுல போட்டுப் பாருங்க. அதுக்கும் சரியாகலேன்னா தொண்டையில குழாய்தான். இந்த நுரையீரல் அதைத் தாங்குமான்னு தெரியல” என்றார் மருத்துவர்.

தகப்பன் குவாந்திக் வாசலில் தலைகுனிந்து நின்றான். பின்னால் அவன் தந்தை துய்சென் நின்றிருந்தார். பெற்றவர் முன்னே தான் பெற்றதை ஏந்துவது அம்மக்களிடம் நாணமற்ற செயல்.

“ஐயா இருக்காரு, அக்கா” என்று முணுமுணுத்தான்.

கிழவரோ நரித்தோல் தொப்பியொன்றை நீட்டினார். “கொறமாசப் புள்ளய இதுக்குள்ள போட்டுத்தான் எங்க கூடாரத்துல தொங்கவிடுவோம். போட்டாத்தான் நான் நகருவேன்.”

“ரோமம் இங்க ஆகாது, ஐயா” என்றாள் உல்போல்சின். “உங்க மகனையே தொப்பியாக் குடுங்க. இன்னிக்கு அவன் தகப்பன் இல்ல, தொப்பி.”

கிழவர் நெடுநேரம் தாடியை நீவினார். “தொப்பின்னா கொஞ்சக் கூடாது.”

“தொப்பி எங்கயாவது கொஞ்சுமா?”

“தலைக்குள்ள ஒண்ணுமில்லாத பய. நல்ல தொப்பிதான்” என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

குவாந்திக்கின் சட்டை களைந்த மார்பின்மேல் மகவைக் கிடத்தினாள். பெருநெஞ்சம் எழுந்தது, சிறுநெஞ்சம் நின்றே இருந்தது. அபாய மணி ஒலித்தது. உள்ளங்காலை நோக்கி அவள் கை நீண்டது. தொடுமுன்பே சிறுநெஞ்சமும் எழுந்தது. பின் ஒன்று தாழ மற்றொன்றும் தாழ்ந்தது. மணி அடங்கியது. ஆண்டுதோறும் கண்ட காட்சிதான். ஆயினும் அவளுக்கு மெய்சிலிர்த்தது. சொல்லறியா உயிர் ஒன்று மற்றோர் உயிரின் ஓசையைப் பற்றி நடக்கிறதே, இவ்வழியை அதற்குக் காட்டியவர் யார்?

வெகுநேரம் பார்த்திருந்த மருத்துவர், “குழாய் வேண்டாம்” என்றார்.

முகத்தைத் திருப்பாமலே கிழவர் இரு கைகளையும் விரித்து உல்போல்சினை வாழ்த்தினார். “வெளக்கே, உன் வீட்டு முகடு தாழாம இருக்கட்டும். உன் அடுப்பு ஆறாம இருக்கட்டும். உன் புள்ளைங்க மூச்சு நூறு குளிர்காலம் தாண்டட்டும்.”