முள்ளிப்பட்டு ராணிக்கு வேலையில்லை

"எங்க வம்சத்துல பொம்பள கையி வேலைக்குன்னு நீண்டதில்ல. என் பொண்டாட்டி வூட்ல ராணியாட்டம் கீறா. இல்லன்னு சொல்றவன் எவனாவது இருந்தா முன்னாடி வரட்டும்."

முள்ளிப்பட்டு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், பட்டு நெசவாளர் மாணிக்கவேல் இந்த அறிக்கையை வெளியிட்டபோது அவருக்கு வயது முப்பத்தாறு. அதே நேரத்தில் அவர் வீட்டில் ராணி சுபலட்சுமி, கணவர் திரும்புவதற்குள் அன்றைய நெசவுக்கான நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றி முடித்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவிழைகளில் அறுந்தவற்றை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். கரை வேறு நிறத்தில் வரும் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். குழியில் கால் விட்டு மிதித்து நெய்பவர் ஒருவர். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாக் கட்டையைத் தள்ளுபவர் இன்னொருவர். அந்தப் பலகைதான் ராணியின் சிம்மாசனம். காலை ஆறு முதல் மாலை வரை அவர் அதை விட்டு இறங்குவதில்லை.

அறிக்கையை மறுக்க முன்னாடி வந்தவர் பக்கத்து வீட்டு நெசவாளர் சந்திரமோகன். "அப்போ உங்க ராணிக்கு வெரல்ல எதுக்குய்யா காப்பு காச்சிருக்குது? மோதிரம் போட்டா?" என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் அவருடைய மேல்வரிசை முன்பல் ஒன்று டீ கிளாசில் விழுந்தது. பல் இழந்த மனிதர் கையில் அகப்பட்ட பெஞ்சுப் பலகையால் மாணிக்கவேலின் இடக்காதில் வீசினார். அன்று முதல் மாணிக்கவேலுக்கு அந்தக் காதில் பாதிதான் கேட்கிறது. மீதிப் பாதியைக் கேட்க அவர் ஆசைப்பட்டதும் இல்லை.

இரண்டாவது போர் ஆரணியில் ஒரு கல்யாணப் பந்தியில் நடந்தது. சுபலட்சுமியின் சித்தப்பா, இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டே, "எங்க பொண்ணு தறியிலயே கெடந்து எளச்சிப் போச்சு" என்று சொல்லிவிட்டார். மாணிக்கவேல் பரிமாறுபவர் கையிலிருந்த சாம்பார் வாளியைப் பிடுங்கி, சாம்பாருடன் சேர்த்தே சித்தப்பாவின் நெற்றியில் இறக்கினார். ஆறு தையல். சித்தப்பாவின் மகன்கள் சாப்பாட்டு மேஜையைக் கவிழ்க்க, அதன் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே மாணிக்கவேலின் வலது மணிக்கட்டு மாட்டியது. அது உடைந்த சத்தம் நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டதாகப் பந்தியில் இருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

மனைவி வேலை செய்யவில்லை என்பதை நிலைநாட்டுவதற்காக உடைந்த கை அது. அதில் ஆறு வாரம் மாவுக்கட்டு. தறியிலோ பாதிச் சேலை. மாணிக்கவேல் தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். குழியில் சுபலட்சுமி இறங்கினார். ஒரு கையால் செய்ய முடிகிற வேலை ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து மாணிக்கவேல் இடது கையால் நாடாவைத் தள்ளினார். முடிந்த சேலையைத் தடவிப் பார்த்த, நூல் கொடுத்த முதலாளி, "கையி நல்லா படிஞ்சிருக்குது மாணிக்கம்" என்றார். மாணிக்கவேல் அந்தப் பாராட்டை மிகுந்த அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

பிறகு மகன் கிரண் பிறந்தான். ஒன்றரை வயதுக்குள் ஓடக் கற்றுக்கொண்டான். இருவரும் தறியில் இருக்கும்போது அவனைப் பழம்புடவையால் இடுப்பில் கட்டித் தூணோடு முடிந்துவைப்பது வழக்கம். நாலு வீடு தள்ளி சூர்யகலா என்பவர் பகல்நேரக் குழந்தைக் காப்பகம் நடத்திவந்தார். தாயும் தகப்பனும் வேலை செய்கிறவர்களாக இருந்தால் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே கட்டிவிடும் என்று கேள்விப்பட்டு, சுபலட்சுமி விண்ணப்பம் போட்டார். சரிபார்க்க அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எடுத்தவர் மாணிக்கவேல்.

"என் பொண்டாட்டி என்ன வேலை செய்றாளா? வார்த்தைய அளந்து பேசுங்க. அவ வூட்ல சும்மா கீறா."

தாய் வேலையில் இல்லை, தகுதியில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

அடுத்த மாதம் ஒரு காலையில் புடவை முடிச்சு அவிழ்ந்தது. கிரண் தறிக்கு அடியில் தவழ்ந்து குழியில் இறங்கி, மிதிபலகையின் அடியில் கை விட்டான். சுபலட்சுமியின் இரண்டு கையும் நாடாவில். மாணிக்கவேலின் கால் இறங்கியது. குறிபார்க்காமல் அவர் கொடுத்த ஒரே அடி அதுதான். பிள்ளையின் சுண்டுவிரல் உடைந்தது. நகம் மிதிபலகையிலேயே ஒட்டிக்கொண்டது. பாவின் மேல் ரத்தம் தெறித்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் கேட்டார்: "அம்மா என்ன பண்ணிகினு இருந்தாங்க?"

மாணிக்கவேல் பழக்கதோஷத்தில் சொன்னார்: "சும்மாதாங்க இருந்தா."

"சும்மா இருந்துகினே புள்ளைய இப்படி உட்டுட்டியா? நீயெல்லாம் ஒரு தாயா?" என்றார் நர்ஸ், சுபலட்சுமியிடம்.

சுபலட்சுமி வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இன்னமே அந்தப் பலகைல நான் உக்கார மாட்டேன். சும்மா கீறான்னு ஊரெல்லாம் சொன்னீங்க இல்ல. இன்னிலேர்ந்து நெஜமாவே சும்மா இருக்கப் போறேன்."

இரண்டு நாள் ராணி உண்மையிலேயே ராணியாக இருந்தார். தறி ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

மூன்றாம் நாள் மாணிக்கவேல் ஆரணியில் நடந்த அரசு நலத்திட்ட முகாமுக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அன்புச்செல்வியிடம், "புள்ளைக்கு உதவி குடுங்க மேடம். ஆனா பொண்டாட்டி வேலை செய்றான்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

"ரெண்டு பேரும் வேலை செஞ்சாதாங்க குடுக்க முடியும்."

வேறொரு விண்ணப்பத்தோடு பின்னால் நின்றிருந்தவர், விதிவசமாக, சந்திரமோகன். "ராணிக்கு எதுக்குங்க மேடம் உதவி? அரண்மனைல தாதிங்க இருப்பாங்க" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சந்திரமோகனின் மூக்கில் உடைந்தது. அதன் உடைந்த காலை எடுத்துச் சந்திரமோகன் மாணிக்கவேலின் உதட்டைக் கிழித்தார். இருவரும் கட்டிப்புரண்டு மேஜையை இடிக்க, அன்புச்செல்வி விண்ணப்பக் கட்டை ரத்தம் படாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"முடிச்சிட்டீங்களா? நாளைக்கு பதினொரு மணிக்கு நான் வரேன். ரெண்டு பேரும் வேலை செய்றத கண்ணால பாத்தா எழுதிக்கறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடணும்."

மாணிக்கவேலின் வீடு தெருக்கோடியில் இருக்கிறது. அதற்குப் பக்கத்து வீடு ஒன்றே ஒன்றுதான்.

மறுநாள் மூக்கில் பஞ்சோடு சந்திரமோகன் முதலில் வந்தார். தெருக்கதவு இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தது. வாசலில் மாணிக்கவேல் பிள்ளையை நீட்டி, "கொஞ்ச நேரம் புடி" என்றார். சந்திரமோகன் வாங்கிக்கொண்டார். கட்டுப் போட்ட விரலால் கிரண் அவருடைய பல் போன இடுக்கை ஆராய ஆரம்பித்தான்.

அன்புச்செல்வி உள்ளே வந்தபோது தறிக்குழியில் சுபலட்சுமி இருந்தார். பக்கத்துப் பலகையில் மாணிக்கவேல். இந்த முறை அவருடைய இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. டீக்கடையிலிருந்து வந்த மூன்று பேர் தெருவில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"நெய்யறது யாருங்க?"

"அவதாங்க."

"அப்போ நீங்க?"

"கூடமாட ஒத்தாசைங்க."

சந்திரமோகன் சிரிக்கப் போய், சட்டென்று பழைய அடி ஞாபகம் வந்து, பிள்ளையோடு ஒரு அடி பின்வாங்கி, மிச்சமிருந்த பற்களைக் கையால் மூடிக்கொண்டார். அடி ஒன்றும் வரவில்லை. மாணிக்கவேல் சற்று நகர்ந்து, அவர் கையெழுத்துப் போடப் பலகையில் இடம் விட்டார்.

"ம்" என்றார் சுபலட்சுமி.

மாணிக்கவேல் நாடாவைத் தள்ளினார்.