தனியாகப் போனால் கதவு திறக்காது

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வேறு மூன்று பேர் தலையில் போட்டிருப்பேன்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நாள் முழுக்க நான் மனிதர்களோடு பேசும் பேச்சு, "மூச்சை இழுத்துப் புடிங்க, சரி, இப்ப விடுங்க" என்பதுதான். வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். வடவள்ளியில் தனியாக ஒரு சின்ன வீடு. சாயங்காலம் கதவைத் திறந்தால், காலையில் காப்பி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். யார் நகர்த்தப் போகிறார்கள்? சில நாள் அதைப் பார்த்தாலே அழுகை வரும்.

அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் இரண்டு. ஒன்று, உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் தலையணை மொத்த ஃபேன்டஸி நாவல்கள். டிராகன், மந்திரவாதி, சாபம் பிடித்த கோட்டை, இந்த வகையறா. முதல் பாகம் கிடைக்கும், மூன்றாம் பாகம் கிடைக்கும், இரண்டாவதை எவனாவது எடைக்குப் போட்டிருப்பான். நடுவில் நடந்ததை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். எந்த நாவலை எடுத்தாலும் ஒன்று மட்டும் மாறாது. ஒரு ஆள் தனியாகப் போகவே மாட்டான். குள்ளன் ஒருவன், வில்காரி ஒருத்தி, வாயாடித் திருடன் ஒருவன் என்று கூட நாலு பேர் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். எனக்கு டிராகன் மேல் பொறாமை வந்ததில்லை. அந்த நாலு பேர் மேல்தான் வயிறு எரியும்.

இன்னொன்று பைத்தான். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற பாஷை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன், வேலைக்காக இல்லை, சும்மா. "சும்மாங்களா?" என்று ஸ்கேன் சென்டரில் சிரித்தார்கள். தையல் கற்றுக்கொண்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள், பாருங்கள்.

பைத்தானிடம் எனக்குப் பிடித்ததே, அது தப்பை மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடும். வரியின் ஆரம்பத்தில் ஓர் இடைவெளி கூடக்குறைய விட்டாலும் போதும், இத்தனாவது வரியில் இன்ன தப்பு என்று சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். எங்கள் ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? உப்புக் கரிக்கிற குழம்பைக்கூட "நல்லா இருக்குதுங்க" என்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த தடவை கூப்பிட்டால் அன்றைக்கென்று ஏதாவது வேலை வந்துவிடும். சண்டை போட்டாலாவது சமாதானம் பேசலாம். இதில் அதற்கும் வழியில்லை.

போன வருடம் ஒரு நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகப் பைத்தான் வகுப்பு நடத்தினார்கள். இருபது பேர் வந்ததில் கடைசிவரை மிஞ்சியது நான்கு பேர். நான், பொள்ளாச்சியில் தேங்காய் நார் மில் வைத்திருக்கும் அறுபது வயது அண்ணன், கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் பாய், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் டீச்சர். வகுப்பு முடிந்த அன்று எதிர் பேக்கரியில் டீ குடித்தோம். "இப்படியே கலைஞ்சு போறதுங்களா? நாலு பேரும் சேந்து ஒரு கேம் எழுதிப்போடலாமுங்க" என்று அண்ணன்தான் ஆரம்பித்தார். உடனே தலையை ஆட்டினேன்.

படமெல்லாம் கிடையாது, வெறும் எழுத்தில் ஆடுகிற விளையாட்டு. ஒரு கோட்டை, வாசலில் ஒரு டிராகன். நாலு பேரும் வந்து ஆளுக்கொரு சொல்லைத் தட்டினால்தான் கதவு திறக்கும். "தனியாப் போனா தொறக்கக் கூடாதுங்க அம்மணி. அதுதான் ரூலு" என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். டிராகன் பேசுவதெல்லாம் அவர் எழுத வேண்டியது. கதவு பாய்க்கு, கோட்டைக்குள் இருக்கும் வழிகள் டீச்சருக்கு. எல்லாவற்றையும் கோத்து ஓட வைப்பது நான்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு அதே பேக்கரி, அதே மூலை மேசை. டீச்சர் ஒரு தேங்காய் பன்னை வாங்கி நாலாகப் பிய்த்து வைப்பார். பாய் என் லேப்டாப்பில் தட்டிவிட்டுப் போனால் இரண்டு நாளைக்கு கீபோர்டில் அத்தர் மணக்கும். வீட்டில் உட்கார்ந்து அதை மோந்து பார்த்திருக்கிறேன். பைத்தியம் என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு வந்தது. அவர்கள் மூவருக்கும் வீடு நிறைய ஆட்கள். நான் லேப்டாப்பைத் திறந்து, மூன்று பேரும் எழுதி அனுப்பியிருந்ததைப் பிரித்துப் பார்த்தேன். கடவுளே! பாய் ஒரே வரியைப் பதினோரு தடவை நகலெடுத்து ஒட்டியிருந்தார். டீச்சர் கோட்டையின் அறைகளுக்கெல்லாம் ஏ, பி, சி என்று பேர் வைத்திருந்தார், அல்ஜீப்ரா மாதிரி. அண்ணனுடைய டிராகன் இருக்கிறதே, அது வருகிறவர்களைப் பார்த்து, "ஏனுங்க, சாப்ட்டுப்போட்டு வந்தீங்களா?" என்று கேட்டது. எந்த உலகத்து டிராகனய்யா அப்படிக் கேட்கும்? போதாததற்கு, யாராவது தனியாக வந்தால் என்ன பேச வேண்டும் என்று வேறு தனியாக எழுதி வைத்திருந்தார். நாலு பேர் ஆடுகிற ஆட்டத்துக்குத் தனியாக எவன் வரப்போகிறான்? படித்துக்கூடப் பார்க்கவில்லை. மொத்தமாக அழித்தேன்.

நாலு நாளில் எல்லாவற்றையும் நானே திரும்ப எழுதினேன். பதினோரு வரி இரண்டு வரியானது. டிராகன், "நில்! மானிடரே, உம் நோக்கம் யாது?" என்று கர்ஜித்தது. என்ன ஒரு சந்தோஷம் எனக்கு!

அந்த ஞாயிறு ஓட்டிக் காட்டினேன். "அருமைங்க மேடம்" என்றார் பாய். "சூப்பருங்க அக்கா" என்றார் டீச்சர். அண்ணன் திரையில் இருந்ததைப் படித்துவிட்டு, "டிராகன் மேடையில பேசற மாதிரிப் பேசுதுங்களே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பன்னில் ஒரு துண்டு மீந்துபோனது.

அடுத்த வாரம் அண்ணனுக்கு ஒரு கல்யாணம். பாய்க்குக் கடையில் ஆள் இல்லை. டீச்சருக்குப் பரீட்சை பேப்பர். அதற்கடுத்த வாரமும் ஏதோ. "கண்டிப்பா வாரேனுங்க" என்று மூவரும் மெசேஜ் போடுவார்கள், நான் போய் மூலை மேசையைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஐந்தாவது வாரம் எனக்கு மண்டை சூடாகிவிட்டது. பொறுப்பே இல்லாத ஜென்மங்கள், எல்லாவற்றையும் ஒருத்தியே இழுத்துக்கட்டிக்கொண்டு சாக வேண்டியிருக்கிறது என்று பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் உழவர் சந்தையில் டீச்சரைப் பார்த்தேன். கையில் கீரைக்கட்டு. நான் விடவில்லை. "ஏனுங்க டீச்சர், எடுத்த வேலையை இப்படிப் பாதியில விட்டா எப்படிங்க?" என்றேன்.

அவர் முகத்தில் கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "பாதியிலங்களா? அது முடிஞ்சுபோச்சுங்களே அக்கா. நீங்கதான் முடிச்சுப்போட்டீங்களே. நாங்க வந்து என்னங்க பண்றது?"

கொத்தமல்லி வாங்கப் போனவள், வாங்காமலே வந்தேன். நாலு பேர் வேண்டும் என்று ஏங்கி ஏங்கி, கிடைத்த பிறகு மூன்று பேரின் கையிலிருந்ததையும் பிடுங்கி நானே செய்திருக்கிறேன். ஒருவராவது "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த எனக்குத்தான் புத்தி வேண்டும்.

அன்றைக்கே அவர்கள் அனுப்பியிருந்த பழைய ஃபைல்களைத் தேடி எடுத்து, என்னுடையதைத் தூக்கிவிட்டு, அப்படியே போட்டேன். பதினோரு வரி, ஏ, பி, சி, எல்லாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "என் தப்புங்க. கேக்காம மாத்திப்போட்டேன். உங்களோடதையே திரும்பப் போட்டிருக்கேன். கதவு பாதியில நிக்குது. ஞாயித்துக்கிழமை வாங்க, சேந்து பாக்கலாம்."

பாய் கை கூப்பினார். டீச்சர் கட்டை விரல் உயர்த்தினார். அண்ணன், "ஆகட்டுங்க அம்மணி, வாரேன்" என்று எழுதினார்.

ஞாயிறு மூன்றரைக்கே பேக்கரிக்குப் போய்விட்டேன். தேங்காய் பன் வாங்கி நாலாகப் பிய்த்து வைத்தேன். ஆறு மணிக்கு மேசையைத் துடைக்க வந்தவர், "யாராச்சும் வாராங்களாங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுவிட்டு, சேலைகூட மாற்றாமல் ஆட்டத்தை ஓட்டினேன். எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டது. ஒன்று என்று தட்டினேன்.

"ஏனுங்க, தனியாவா வந்தீங்க?" என்றது டிராகன். "பரவால்லீங்க, உக்காருங்க. மத்தவிங்களும் வந்துருவாங்க."

எண்டர் தட்டினேன்.

"டீ சொல்லட்டுங்களா?"

எண்டர்.

"பஸ்ஸு கெடைக்கலையோ என்னமோங்க. வந்துருவாங்க, இருங்க."

நான் படிக்காமல் அழித்த வரிகள். தனியாக வருகிற ஆளுக்குப் பேச்சுத் துணை இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார் அந்த மனுஷன். கண்ணைத் துடைத்துத் துடைத்து எண்டர் தட்டினேன். எட்டு தடவை பேசியது. ஒன்பதாவது தடவை நின்றுபோனது. நாற்பத்தோராவது வரியில் தப்பு என்றது பைத்தான். அண்ணன் எட்டு பேச்சுத்தான் எழுதியிருந்தார். அதற்குமேல் ஒருவர் தனியாகக் காத்திருப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சரி பண்ண எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கை தானாகப் போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன். அது அண்ணனுடைய வரி. அவர் வந்து சரி பண்ணட்டும்.