எழுத வருகிறது, படிக்க வரவில்லை

அன்று காலை பேப்பர்காரரைப் போனில் பிடித்துத் திட்டினேன். "என்னப்பா, தெலுங்குப் பேப்பரப் போட்டுட்டுப் போயிட்ட?" அவர் பதில் சொல்வதற்குள் என் மனைவி செல்வி பேப்பரை வாங்கிப் பார்த்தாள். "தமிழ்ப் பேப்பர்தாங்க இது" என்றாள். நான் நம்பவில்லை. படங்கள் நன்றாகத் தெரிந்தன. எழுத்துகள் மட்டும் கோலப்பொடி சிந்தியது மாதிரி கிடந்தன.

தலைவலி இல்லை. கை கால் இழுக்கவில்லை. பேச்சு குழறவில்லை. கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று நானே முடிவு கட்டிக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். இரண்டு நாள் வீணாய்ப் போனது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: திடீரென்று படிக்க முடியாமல் போனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஸ்கேன் பார்த்துவிட்டுப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபடுவது) என்றார் டாக்டரம்மா. பேரும் ஊரும் எழுதச் சொன்னார். செம்மண்டலத்து வீட்டு விலாசம் வரை மளமளவென்று எழுதினேன். நான் பத்திரம் எழுதுகிறவன். முப்பது வருடப் பிழைப்பு. என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. டாக்டரம்மா வேறு ஏதோ பேசிவிட்டு அதே தாளை என்னிடம் நீட்டினார்.

"படிங்க."

"ஒண்ணும் புரியலையே டாக்டர். யாரு எழுதுனது?"

"நீங்கதான் எழுதுனீங்க."

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதற்கு அலெக்சியா (படிக்கும் திறன் மட்டும் போய்விடுவது) என்று பெயராம். படிப்பு மூளையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் வேலை இல்லை என்று டாக்டரம்மா விளக்கினார். மூளையின் பின்பகுதி உருவத்தைப் பார்க்கிறது. இடப்பக்கத்தில் ஓர் இடம் அதை எழுத்து என்று கண்டுகொள்கிறது. அங்கிருந்து ஒலிக்கும் பொருளுக்கும் தனித்தனி இணைப்புகள் போகின்றன. எனக்குப் பார்க்கும் இடத்துக்கும் கண்டுகொள்ளும் இடத்துக்கும் நடுவே இணைப்பு அறுந்துவிட்டது. கைக்குப் போகும் இணைப்பு வேறு என்பதால் எழுதுவது தப்பித்தது.

ஒரு மாதம் கழித்து ஆபீசுக்குப் போனேன். விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் பத்திரத்தை டைப் செய்வது கலா என்ற பெண். நான் சொல்லச் சொல்ல அடிப்பாள்; சொத்து விவரத்தை மட்டும் பழைய பத்திரத்தைப் பார்த்து அவளே போடுவாள். ஆனால் கையெழுத்துக்கு முன் இரண்டு தரப்புக்கும் படித்துக் காட்டுவது என் வேலை. எங்கள் தொழிலில் அதை விடவே கூடாது. பத்திர வாசகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தாளைப் பிடித்துக்கொண்டு, சரியான இடத்தில் பக்கம் திருப்பி, மனப்பாடமாக ஒப்பித்தேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்குப் பெருமை வேறு.

பிறகு பச்சையம்மாள் வந்தார். அவருடைய அண்ணன் அவருக்குப் பின்பக்க மனையைத் தானமாக எழுதிக் கொடுக்கிறார். தெருவுக்கு வர வடக்கே நாலடி வழி விட வேண்டும் என்பது பேச்சு. நான் கணீரென்று "படித்தேன்". வழியையும் சொன்னேன். கைநாட்டு வைக்க விரலில் மை தடவியாயிற்று.

"அண்ணே, எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த வழி எந்த எடத்துல எழுதியிருக்குது? தொட்டுக் காட்டுங்க, பாத்து வச்சிக்கிறேன்" என்று என்னிடம் கேட்டார்.

பக்கத்தைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு வரியைத் தொட்டிருக்கலாம். தொடத்தான் போனேன். தாளை மேசையில் வைத்தேன்.

"எனக்கும் இப்ப படிக்க வராதும்மா" என்றேன்.

கலா தாளை வாங்கித் தேடினாள். அவள் முகம் வெளுத்தது. "சார், வழி இதுல இல்ல. பழைய பத்திரத்துல இருந்த நாலு எல்லைய அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்." கைநாட்டு விழுந்திருந்தால் அந்த அம்மாள் தன் மனைக்குப் போக இன்னொருவர் தயவை எதிர்பார்த்திருப்பார், என் குரலை நம்பியதற்காக. அவமானத்தில் அழுதுவிட்டேன். கலாவே திருத்தினாள், கலாவே படித்தாள். பத்திரம் பதிவானது.

அதன் பிறகுதான் வாரம் ஒருநாள் டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்த படிக்கும் பயிற்சிக்குச் சிதம்பரம் போக ஒப்புக்கொண்டேன். பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் கண்டக்டரைக் கேட்டு ஏறும்போது முதலில் கூசியது. பயிற்சி கொடுத்த பெண் எழுத்தைக் கண்ணால் பார்த்து, உள்ளங்கையில் விரலால் வரையச் சொன்னார். கையின் அசைவிலிருந்து மூளை எழுத்தைக் கண்டுகொள்ளுமாம். முதல் நாள் 'ப' வந்தது. செல்வி பஸ்ஸில் என் கையை விடவே இல்லை. மூன்று மாதத்தில் ஒரு வார்த்தை, பிறகு ஒரு வரி. கண்ணால் வாரி விழுங்கிய காலம் போய்விட்டது. இனி அது திரும்பாது என்று பயிற்சி கொடுத்தவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

போன மாதம் பச்சையம்மாள் பத்திரத்தோடு வந்தார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் நேராக விரலை வைத்தார். "இங்கதானண்ணே? கலாப் பொண்ணு காட்டிச்சு. தெனமும் எடுத்துப் பாக்கறேன். நீங்க ஒரு தரம் படிங்க."

"நேரமாவும்மா."

"ஆவட்டும்."

உள்ளங்கையில் வரைய ஆரம்பித்தேன். வ. ட. அந்த எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் தோலுக்குத் தெரிந்தது. வாசலில் யாரோ காத்திருந்தார்கள். கலா டீ கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது. முப்பது வருடத்தில் எத்தனையோ வரிகளைப் படித்திருக்கிறேன். ஒன்றின் மேலும் இவ்வளவு நேரம் இருந்ததில்லை. கடைசி எழுத்து வந்தபோது அவர் விரல் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது.

"ஆமாம்மா, வழி இங்கதான் இருக்கு" என்றேன்.