சிந்தாத மருந்து

மகள் ஓமத் தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும், எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்கிருந்த மாட்டுக் கட்டுத்தறியின் வாடை, கோமியமும் ஈரச் சாம்பலும் கழிச்சல் கண்ட கன்றுகளின் புளித்த நாற்றமுமாக வீடெல்லாம் பரவிவிட்டது. அந்தக் கட்டுத்தறியை இடித்துவிட்டு இப்போது அங்கே விசைத்தறி ஓட்டுகிறார்கள்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் எங்களுடைய இரண்டு கன்றுகளுக்குமே கழிச்சல். பொழுது சாயும்போதெல்லாம் அம்மா ஓமமும் மாதுளைத் தோலும் கொதிக்கவைத்து, ஆறியதை மூங்கில் குழாயில் ஊற்றிக்கொண்டு வருவாள்; கன்றின் தாடையைத் தூக்கிப் பிடிப்பது பத்து வயதான என் வேலை.

"ரொம்ப அண்ணாத்தாத சாமி, பொறையேறிக்கும்" என்பாள். எனக்கோ ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. ஒருநாள் அவள் பார்க்காதபோது இன்னும் கொஞ்சம் தூக்கினேன். செவலைக் கன்று இருமியது. அன்றிலிருந்து அதன் மூச்சு கொரகொரத்தது, மூன்றாம் நாள் செத்துப்போனது.

"கழிச்சல் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு" என்று அம்மா அழுதாள். நான் மூங்கில் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். அன்று சாயங்காலமே மற்றக் கன்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டாள். "வா சாமி, சிந்தாமப் புடிக்கறதுக்கு உன்ற கைதான் பக்குவம்."

போனேன். தாடையைத் தாழ்த்தியே பிடித்ததில் பாதி மருந்து மண்ணில் கொட்டியது. அதுவும் பிழைக்கவில்லை.

மகள் பேரனை என் மடியில் கிடத்தி, ஓமத் தண்ணீர் ஊற்றிய பாலாடையை நீட்டுகிறாள்.

"நான் ஊத்துனாச் சிந்திப் போயிருதுங்கம்மா, நீங்களே ஊத்துங்க."